மிதுனாவின் பெயரில்

நவம்பர் 3

எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பரீட்சைத் தாள் தவிர வேறெதிலும் நான் பக்கம் பக்கமாக எழுதியதில்லை. எழுதும்படி எனக்கு ஒன்றும் நடப்பதுமில்லை. ஆனால் பேசாமல் விட்டதெல்லாம் நாள் முடிவதற்குள் தலைக்குள் கூட்டமாக நிற்கிறது. அதனால் இன்று மையத்துக்குச் சீக்கிரம் வந்து, பெருக்கி, டேப்லெட்டுகளைச் சார்ஜில் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மையம் என்பது பள்ளிபாளையத்தில் எங்கள் வார்டுச் சமுதாயக் கூடம். ஓர் அறக்கட்டளை எட்டு டேப்லெட்டுகள் கொடுத்திருக்கிறது. அவற்றில் ஒரு செயற்கை நுண்ணறிவு ஆசிரியர். நாலாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிறார்கள். அவரவர் பெயரைப் போட்டுத் திறந்து கணக்கு, அறிவியல், தமிழ், ஆங்கிலம், சமூகம் எதைக் கேட்டாலும் அது பேசியும் எழுதியும் சொல்லித் தருகிறது. பிள்ளைகள் அதற்கு ‘டேப் அக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வெறும் அக்கா. உட்கார வைப்பது, முறை வைத்து டேப்பைக் கொடுப்பது, சண்டை விலக்குவது என் வேலை.

நான் பி.எஸ்ஸி. கணிதம், தமிழ் வழி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அம்மா இதைத் தறிப்பட்டறையில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருக்கிறாள். அதனால் எனக்கு ஒன்று தெரியாது என்று வெளியே சொல்ல முடிவதில்லை.

நவம்பர் 5

எட்டாவது கிஷோருக்கு டேப் அக்கா மேல் மரியாதை போய்விட்டது. இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று வீட்டுப்பாடம். “பதிலச் சொல்லு” என்றான். “இலைக்கு என்னென்ன கிடைக்கிறது என்று நீ நினைக்கிறாய்?” என்று அது கேட்டது. அவன் மறுபடி கேட்டான். அதுவும் மறுபடி கேட்டது.

“அக்கா, இதுக்கே தெரியல போல. எங்கிட்டக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கப் பாக்குது.”

“அப்ப நீயே சொல்லிக் குடேன், பாவம்.”

“போச்சாது, கத்துக்கட்டும்” என்று பெரிய மனது பண்ணி உட்கார்ந்தான். தண்ணீர், வெயில், காற்று என்று ஒவ்வொன்றாக அதற்கு விளக்கினான். நடுவில் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் புரட்டினான். முடித்தபோது வீட்டுப்பாடம் முடிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

எங்கள் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கையில் பிரம்பு இல்லாமல் ஒரு வாத்தியார் கேள்வி கேட்டு அவர்கள் பார்த்ததில்லை.

நவம்பர் 8

பிளக் பாயிண்டில் ஒன்று புகைந்தது. எலக்ட்ரீசியன் நாளை வருவாராம். அவருடைய நாளை எனக்குத் தெரியும்.

நவம்பர் 13

ஈரோட்டிலிருந்து பிரசன்னா சாரின் செய்தி. எங்களைப் போல ஐந்து மையங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நல்ல மனிதர். அவர் செய்தியெல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். இன்று கொஞ்சம் நீளமாக இருந்தது. கீழே நான்கு பிள்ளைகளின் பெயர்கள். அதில் சங்கவி பெயரும் இருந்தது சந்தோஷமாக இருந்தது. பத்தாவது படிக்கிறாள், ஒரு நாளும் விடாமல் வருகிறவள். ‘ஓகே சார்’ போட்டேன். எப்போதும் போடுவதுதான். சார் கட்டை விரல் படம் அனுப்பினார்.

அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நவம்பர் 18

சங்கவி எப்போதும் மூலையில், டேப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவாள். கூச்சக்காரி என்று விட்டிருந்தேன். கூச்சத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா?

இன்று அவள் இயர்போன் கழன்று விழுந்துவிட்டது. டேப் அக்காவின் குரல் வெளியே கேட்டது. “அருமை, மிதுனா. இப்போது நான்கில் மூன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்டலாமா?”

மிதுனா சங்கவியின் தங்கை. ஐந்தாவது படிக்கிறாள். அந்த நேரத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே ஒற்றைக் காலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

சங்கவி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு, “எலக்ட்ரீசியன் இன்னும் வரலயா?” என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே நகர்ந்தேன்.

வெளியே போய் மிதுனாவைப் பிடித்தேன். “உன் பேர்ல யாரு படிக்கறது?”

“அக்காதான். எனக்குத் தெனம் ஒரு கடலை மிட்டாய்.” கால் மாற்றிக் குதித்தாள். “அவ பேர்ல போட்டா பத்தாவது கேள்வி மட்டுந்தான் வருமாம். பரீட்சைக் கேள்வி. அதுக்குக் கீழ போகவே போகாதாம். சொல்லிப் போடாதீங்க, அவ மிட்டாய நிறுத்திருவா.”

உண்மைதான். பொதுத்தேர்வுப் பிள்ளைகளுக்குக் கீழ் வகுப்புகளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சங்கவி ஐந்தாவது படித்திருக்க வேண்டிய வருஷம் கொரோனா. அந்த வருஷத்தை அவள் இப்போது படிக்கிறாள். யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 24

சங்கவி வரவில்லை.

நவம்பர் 25

இன்றும் வரவில்லை. மிதுனா மட்டும் வந்து, ஆடாமல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்காவுக்கு டிசி வாங்கறாங்க. எங்கப்பாவ இஸ்கூல்ல கூப்பிட்டு வுட்டாங்க. அவ டேப்பத் தொடவே இல்லன்னு இங்கிருந்து எழுதிக் குடுத்துட்டாங்களாமா. குடுத்த வசதியவே தொடாத புள்ள பத்தாவது எங்க தேறப்போவுதுன்னு கேட்டாங்களாமா. அப்பா பட்டறைக்கு வரச் சொல்லிட்டாரு.”

இங்கிருந்து யார் எழுதிக் கொடுத்தார்கள்?

பதின்மூன்றாம் தேதிச் செய்தியை எடுத்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு, பிள்ளைகள் யாரும் பார்க்காத நேரத்தில், அதை டேப் அக்காவிடம் காட்டித் தமிழில் சொல்லச் சொன்னேன். கீழ்க்கண்ட நான்கு பேர் ஒரு மாதமாகச் செயலியைத் திறக்கவே இல்லை. அவர்கள் இடத்தை வேறு பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம், அவர்களுடைய பள்ளிகளுக்கும் தெரிவிக்கப் போகிறோம். விவரம் சரிதானா என்று உறுதிப்படுத்தவும்.

சாருக்குப் போன் செய்தேன். சங்கவி தங்கை பெயரில் படித்ததைச் சொன்னேன்.

“நீங்கதானம்மா கன்ஃபர்ம் பண்ணீங்க?”

“ஆமாங் சார்.”

“பாத்துட்டுத்தானே போட்டீங்க?”

“கவனிக்கலீங் சார்.”

அப்படித்தான் சொன்னேன்.

நவம்பர் 26

சங்கவி வீட்டுக்குப் போனேன். வாசலில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தறியில் குறுக்கே ஓடும் நூலைக் குச்சியில் சுற்றும் வேலை. நிமிரவில்லை.

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமே, சங்கவி. கணக்குத்தானே நான் படிச்சது. பின்னம் சொல்லிக் குடுத்திருப்பேனே.”

“டேப் அக்கா சிரிக்காது.”

“நான் சிரிச்சிருப்பேனா?”

“நீங்க சிரிக்க மாட்டீங்க. பாவப்படுவீங்க. அது அத வுட மோசம்.”

அவள் சொன்னது சரி. தெரியாததைக் கேட்டுவிட்டால் எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். அப்புறம் வாய் திறப்பதில்லை.

“பரீட்சை எழுதோணுமா, வேண்டாமா?” என்றேன்.

குச்சி நின்றது. “எழுதோணுமுங்க்கா. தேறுவனான்னு தெரியாது. ஆனா தொடலைன்னு சொன்னாங்க பாருங்க. தெனம் தொட்டனே. அதுதான் ஆறவே மாட்டேங்குது.”

“உங்கப்பாகிட்டச் சொல்லட்டுமா? அஞ்சாவது கணக்குன்னு தெரிஞ்சுரும்.”

நூலை அறுத்து முடிச்சுப் போட்டாள். “சொல்லுங்க” என்றாள்.

நவம்பர் 27

பட்டறைக்குப் போனேன். பன்னிரண்டு தறி ஓடும் இடத்தில் பேசுவது என்றால் கத்துவது. நான் வாழ்க்கையில் கத்தியதில்லை. கல்லூரியில் ‘உள்ளேன் ஐயா’ சொன்னதே பாதி நாள் கேட்காமல், பிறகு தனியாகப் போய் நிற்பேன்.

“அண்ணா” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

சங்கவியின் அப்பா மாதேசன் அண்ணன் தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் காதைக் காட்டினார். “சத்தமாச் சொல்லுங் டீச்சர்!”

“சங்கவி படிக்கிறாளுங்கண்ணா!”

“ஆரு?”

“உங்க புள்ள! படிக்கிறா!”

அவருக்கு எட்டவில்லை. அடுத்த தறியிலிருந்த ஒரு பெண்ணுக்கு எட்டிவிட்டது. “மாதேசா! உம்புள்ள படிக்குதாமா!” அதற்கடுத்த தறியிலிருந்து ஒருவர், “பின்ன எதுக்குய்யா டிசி வாங்கறே?” இன்னொருவர், “அந்த டீச்சருக்குக் கொஞ்சம் தண்ணியக் குடுங்கப்பா, மொகமெல்லாம் செவந்துபோச்சு!” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஆனால் ஐந்தாம் வகுப்பு விஷயத்தை அங்கே சொல்ல முடியாது. கத்தாமல் எதையும் சொல்ல முடியாத இடம் அது. “நாளைக்குச் சாயங்காலம் கூடத்துக்கு வாங்க! ஒரே ஒருக்கா!” என்று மட்டும் கத்திவிட்டு வந்தேன். இன்னும் தொண்டை எரிகிறது. அம்மா மிளகு ரசம் வைத்தாள். “ஏஞ்சாமி, நீயா கத்துன? பட்டறையில சொன்னாங்க, நம்பவே இல்ல” என்றாள்.

நவம்பர் 28

மாதேசன் அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். தலையெல்லாம் பஞ்சு. பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கிஷோர் தலைமையில் அவர்களை மைதானத்துக்கு அனுப்பினேன்.

சங்கவி டேப்பைச் சுவருக்குத் திருப்பாமல், நடுவில் தரையில் வைத்தாள். திரையில் சின்னப் பிள்ளைகளுக்கான கிளிப் படம். ஐந்தாம் வகுப்பு.

“பத்தாவது புள்ளைக்கு அஞ்சாவது கணக்கா?” அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் சங்கவி சொன்னாள்.

“அஞ்சாவதுல நான் தார் சுத்துனேம்ப்பா. இஸ்கூல் பூட்டிக் கெடந்துச்சு. தொறந்தப்ப ஆறாவதுன்னு சொல்லி உக்கார வெச்சாங்க. அதுல இருந்து எதுவுமே புரியல.”

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

டேப் அக்கா கேட்டது: “மிதுனா, நான்கில் மூன்றையும் எட்டில் ஒன்றையும் கூட்டும்போது, கீழே இருக்கும் எண்களை ஏன் அப்படியே கூட்டக்கூடாது? உன் சொந்த வார்த்தையில் சொல்.”

“துண்டு ஒரே அளவா இல்ல. பெரிய துண்டையும் சின்னத் துண்டையும் சேத்து எண்ணுனா எத்தனைன்னு வேணா சொல்லலாம், எவ்வளவுன்னு சொல்ல முடியாது. எல்லாத்தையும் எட்டாக் கத்தரிச்சுட்டா எண்ணலாம். ஆறும் ஒண்ணும் ஏழு. எட்டில் ஏழு.”

மாதேசன் அண்ணன் டேப்பின் பக்கம் குனிந்தார். “சரியாச் சொல்லுச்சுங்களா புள்ள?” பெரிய ஆபீசரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

“சரியாகச் சொன்னாள், மிதுனா” என்றது அது. கொஞ்சம் குழம்பித்தான் போனது.

“மிதுனா இல்லீங்க” என்றார் அவர். “அது சின்னது. இது பெருசு. சங்கவி. சங்கவின்னு எழுதிக்கோங்க.”

சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் பிளக் பாயிண்டைப் பார்க்கப் போனேன்.

டிசம்பர் 1

பள்ளிக்கூடம். மாதேசன் அண்ணனும் நானும், வெளியே வராந்தாவில் சங்கவியும். தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. களைத்துப் போனவர்.

“போன வருஷம் ரெண்டு பிள்ளையால தேர்ச்சி விகிதம் இறங்கி, நான் மேல பதில் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சுட்டேன். காலாண்டுக் கணக்குல ஒம்பது மார்க் எடுத்திருக்கா. டேப் குடுத்தும் தொடலைன்னு அறிக்கை. நான் என்னம்மா பண்றது? டிசி வாங்கிட்டு, தனியா எழுதட்டும்.”

“அறிக்கை தப்புங் மேடம்.”

“அனுப்பினது உங்க ஆளுங்கதானே?”

“ஆமாங் மேடம். தப்பு எங்களதுங்.”

‘என்னுது’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது.

நடந்ததைச் சொன்னேன். அவர் சங்கவியைக் கூப்பிட்டு ஒரு கணக்குப் போடச் சொன்னார். போட்டாள். இன்னொன்று. அதில் பாதியில் நின்றாள். தலைமையாசிரியை பாதி வரை பார்த்தார். “அரையாண்டு எழுதட்டும். பேப்பரப் பாத்துட்டு முடிவு பண்றேன்.”

வெளியே வந்ததும் மாதேசன் அண்ணன், “உங்களுக்குப் பேச வராதுன்னாங்களே டீச்சர்?” என்றார்.

டிசம்பர் 6

சங்கவியின் இடத்தைப் பிரசன்னா சார் திரும்பக் கொடுத்துவிட்டார். ஆனால் பூட்டு அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சென்னையில் கேட்க வேண்டுமாம். ஆகவே இன்னும் மிதுனா பெயரில்தான் படிக்கிறாள். இப்போது மிதுனாவுக்கும் பரீட்சை வருகிறது.

“எம்பேரு! எனக்குக் குடு!”

“கால் மணி நேரம் இருடி.”

“உம்பேர்ல போயிப் படி! மிட்டாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!”

ஒரு பெயருக்கு இரண்டு பேர். விலக்கிவிட்டு, சங்கவியை என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். வகுத்தல். பாவப்படாமல் சொல்லித் தர முயன்றேன். “மொகத்த ஏன் அப்பிடி வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

டிசம்பர் 15

கணக்குப் பரீட்சை. சங்கவி மையத்துக்கு வந்து ஒரு மூச்சுத் தண்ணீர் குடித்தாள். “எழுதுனேன்” என்றாள். நாளை மறுநாள் அறிவியல். உட்கார்ந்துவிட்டாள்.

ஜனவரி 6

கணக்கில் இருபத்தொன்பது. தேற முப்பத்தைந்து வேண்டும். தேறவில்லை.

தலைமையாசிரியை விடைத்தாளை எங்களிடம் காட்டினார். “அடிப்படைக் கணக்கெல்லாம் சரி. ஏழாவது, எட்டாவதுல வர்றதுதான் ஓட்டையா இருக்கு. மார்ச்சுக்குள்ள அடைச்சுருவாளா?” என்னைத்தான் கேட்டார்.

“அடைச்சுருவா மேடம்.”

“டிசி பேச்சு இப்ப வேண்டாம். பொதுத்தேர்வுப் பட்டியல்ல பேரு இருக்கட்டும். நீங்க சொன்னதுக்காகத்தான்.”

ஏழாவதும் எட்டாவதும். அவற்றில் யார் பெயரை இரவல் வாங்குவது?

ஜனவரி 9

நாளை ஈரோட்டில் மீளாய்வுக் கூட்டம். செயலியைப் பார்த்துக்கொள்ளும் நித்யகலா மேடம் சென்னையிலிருந்து வருகிறார். பேச வேண்டியதைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். “யாருகிட்ட சாமி பேசற?” என்று அம்மா எட்டிப் பார்த்தாள். பச்சைச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று சங்கவிக்கானது. அதைச் சொல்லிவிடுவேன். இன்னொன்றைக் கண்ணாடியிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 10

பஸ் ஏறுவதற்குமுன் நிலையத்து பெஞ்சில் எழுதுகிறேன். கூட்டம் முடிந்துவிட்டது. மறப்பதற்குமுன் எழுதிவிட வேண்டும். மறக்காது என்றும் தெரியும்.

மற்ற மையத்து ஆட்கள் படம் போட்டுப் பேசினார்கள். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். சங்கவி பெயரைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை எந்த வகுப்பில் பாடத்தைத் தவறவிட்டதோ அந்த வகுப்பிலிருந்து தன் பெயரிலேயே படிக்க முடிய வேண்டும், அதனால் பூட்டை எடுக்க வேண்டும், பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

நித்யகலா மேடம் கவனமாகக் கேட்டார். “நல்ல யோசனைம்மா. பூட்டை எடுக்கறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா வேற ஊர்ல எடுத்துப் பாத்தோம். பெரிய பசங்க ஒருத்தர்கூடக் கீழ் வகுப்பைத் தொடல. மத்தவங்க பாப்பாங்களேன்னு கூச்சம். பரீட்சைக் கேள்வியும் பண்ணாம, இதுவும் படிக்காம ரெண்டும் போச்சு. அந்தக் கூச்சத்துக்கு உங்ககிட்ட என்ன வழி இருக்கு?”

வழி ஒன்றுமில்லை. “சரிங் மேடம்” என்று உட்காரப் போனேன். உட்கார்ந்துகூட விட்டேன். பிரசன்னா சார் அடுத்த மையத்தின் பெயரைப் படித்தார்.

அப்போது மறுபடி எழுந்தேன்.

“சார், நவம்பர்ல நீங்க ஒரு செய்தி அனுப்புனீங்க. நான் கவனிக்கலைன்னு சொன்னேன். கவனிச்சனுங் சார். எனக்குப் புரியல. நீங்க அனுப்பறது பாதிக்கு மேல எனக்குப் புரியறதில்ல. அதுனாலதான் ஓகே போடறேன். அந்த ஓகேயாலதான் ஒரு பிள்ளைக்கு டிசி வரைக்கும் போச்சு.”

பிரசன்னா சார் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்கவில்லை. மேடத்தைத்தான் பார்த்தேன்.

“பூட்ட எடுங்க மேடம். எடுத்துட்டு, எங்க மையத்துல பிள்ளைங்க பேரோட ஒரு பேரச் சேருங்க. அவங்க எல்லாரும் பாக்க, அவங்களோட ஒரே பாய்ல உக்காந்து தெனமும் நான் படிக்கறேன். எனக்கும் ஒரு இடம் குடுங்க மேடம். வளர்மதி. ஆங்கிலம். ஆறாம் வகுப்புல இருந்து.”